சுசீலாவைவிட இரண்டு ஜிபி கூட

சுசீலாவின் வெப்சைட் பட்டென்று திறக்கும். என்னுடையது திறப்பதற்குள் உலை கொதித்துவிடும். எனக்கு வயிறு எரிந்தது, அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது? எங்கள் தீவில் மரைன் ஹில் பகுதியில் அவளுடைய ஹோம்ஸ்டே, டெய்ரி ஃபார்ம் பகுதியில், எங்கள் வீட்டு மாடியில் என்னுடையது. டிசம்பர் வந்தால் அவள் வருகிறவர்களுக்கு இடம் கொடுக்க முடியாமல் திண்டாடுவாள். நான் துவைத்த விரிப்பையே மறுபடி துவைத்துக்கொண்டிருப்பேன்.

"இந்த டிசம்பரும் காலின்னா மாடிய கான்ட்ராக்டர் ஒருத்தருக்கு வாடகைக்கு விட்டுடறேன்" என்று 2016இல் என் கணவர் சொல்லிவிட்டார். மாடியில் இருக்கும் அந்த இரண்டு அறைகளையும் சுண்ணாம்பு முதல் திரைச்சீலை வரை பார்த்துப் பார்த்துச் செய்தவள் நான். விட மனசு வருமா?

எங்கள் இருவருக்கும் வெப்சைட் செய்துகொடுத்தவன் ஜங்லிகாட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் உதயா. அவனைப் பிடித்தேன்.

"அவளுக்கு மட்டும் என்னடா மாயம் பண்ணி வெச்சிருக்கே?"

"மாயமெல்லாம் இல்லக்கா. உங்களோடது நூறு பேரோட சேந்து ஒரே சர்வர்ல கெடக்கு. அவங்க போன மாசம் வி.பி.எஸ். எடுத்துட்டாங்க. சர்வர்ல தனக்குன்னு ஒரு பங்கு."

"எவ்வளவு பெரிசு?"

"ரெண்டு ஜிபி. மேனேஜ்டு. நின்னுபோனா கம்பெனிக்காரனே பாத்துப்பான்."

அதே விலைக்கு நாலு ஜிபியும் இருந்தது. ஆனால் அதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"வேண்டாம்க்கா. இங்க நெட் பந்த் ஆகி லைனே இல்லேன்னா நான் எப்படி சர்வருக்குள்ள போய்ச் சரிபண்றது? உங்க சைட்டுக்கு ரெண்டே தாராளம்" என்று தலையில் அடித்துக்கொண்டான். என் காதில் ஏறினால்தானே! நாலு என்பது இரண்டைவிடப் பெரிது. எனக்கு அது போதும்.

நாலு ஜிபி வந்தது. என் வெப்சைட்டும் பட்டென்று திறந்தது. மார்க்கெட்டில் சுசீலாவைப் பார்த்தபோது அவள் கேட்காமலே சொன்னேன். "நல்லதுக்கா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புகூட எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பரில் காற்றும் மழையுமாக அடித்து, ஊர் முழுக்க நெட் போய்விட்டது. மூன்று நாள். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். என்னுடையது திறக்காவிட்டால் என்ன, அவளுடையதும் திறக்காதே! "இப்ப என்ன பண்ணுவாளாம் மகாராணி?" என்று கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

நான்காம் நாள் நெட் வந்தது. முதலில் அவளுடையதைத்தான் திறந்தேன். ஜனவரி ஐந்து வரை எல்லா அறையும் நிரம்பியிருந்தது. என்னுடையது திறக்கவே இல்லை. உதயாவை வீட்டுக்கு வரவழைத்தேன்.

"நெட் போனது நமக்குத்தானேக்கா, மெயின்லாண்டுக்கா போச்சு? சென்னையில, கல்கத்தாவுல எல்லாரும் பாத்துட்டுத்தான் இருந்தாங்க. அங்க இருக்கற உங்க சர்வர் மொத நாளே நின்னுடுச்சு, நெட் இல்லாம என்னால உள்ள போக முடியல. அவங்களோடதும் நின்னுச்சு, கம்பெனிக்காரன் உடனே ஓட விட்டுட்டான்."

அவன் சொல்லி முடிக்கவில்லை, போன் அடித்தது. சுசீலா.

"விசாலாக்கா, உங்க சைட் திறக்கலையாமே. கோயம்புத்தூர்க்காரங்க ஆறு பேரு, பத்து நாள் தங்கணுமாம். எங்கிட்ட இடமில்ல. உங்க நம்பரக் குடுக்கட்டுமா?"

இரண்டு அறையும் நிரம்பிவிடும். மாடி எனக்கே நிற்கும். எல்லாம் தெரிந்தது. ஆனால் அவள் மிச்சம் வைத்ததை நான் வாங்கிக்கொள்வதா?

"வேண்டாம் சுசீலா. இங்கயும் ஃபுல்."

போனை வைத்தேன்.

"ஃபுல்லா? யாரு வந்திருக்கா?" என்று கேட்டார் பக்கத்திலிருந்த கணவர். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலை கான்ட்ராக்டர் மாடியைப் பார்க்க வந்தார். நான்தான் கதவைத் திறந்துவிட்டேன்.