கொட்டாங்குச்சி மூட்டையின் அடியில்

சனிக்கிழமையானால் கதிரேசன் எண்ணெய் தேய்த்துக் குளிக்க அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அக்கா ராமாத்தாளின் தென்னந்தோப்பு. கூப்பிடு தூரத்தில் தம்பியின் தோப்பு. காட்டுப்பன்றித் தொல்லைக்காக இருவருமே லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கி வைத்திருந்தார்கள்.

ராமாத்தாள் அதில் கறார். துப்பாக்கி ஒரு பீரோவில், தோட்டா வேறொரு பெட்டியில், இரண்டு சாவியும் அவள் இடுப்பில். லைசென்ஸில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு தோட்டா வாங்கியதில்லை. புருஷன் போன பிறகு அலைந்து திரிந்து தன் பேருக்கு வாங்கிய லைசென்ஸ் அது. அது போனால் இளந்தென்னங்கன்றுகள் பன்றிக்குத்தான். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கி, தோட்டா எல்லாவற்றையும் முதல் ஆளாக ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்தாள்.

அன்றைக்குத் தம்பியின் தலையில் எண்ணெயை வைத்துத் தேய்த்துவிட்டு, வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்தாள். கோடை மழையில் அடுப்போர மூட்டையின் மேல்பக்கக் கொட்டாங்குச்சியெல்லாம் நனைந்து கிடந்தது. அடியில் காய்ந்தது இருக்குமென்று மூட்டையைக் கவிழ்த்தாள். எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் பொத்தென்று ஒரு பை விழுந்தது. உள்ளே சிவப்புச் சிவப்பாகத் தோட்டாக்கள்.

பையை எட்டி எடுத்துத் தூரத்தில் வைத்தாள். அண்டாத் தண்ணீரை மொண்டு மொண்டு அடுப்பில் ஊற்றினாள். பிறகுதான் தம்பி பக்கம் திரும்பினாள்.

"இது யாருதுடா கண்ணு?"

துவைகல்லில் உட்கார்ந்திருந்த கதிரேசன் திடுக்கிடக்கூட இல்லை. "எம்படதுதானக்கா. லைசென்சுக்கு மேல கொஞ்சம் சேந்துபோச்சு. எலெக்‌ஷன் நேரம், என்ற ஊட்டுக்கு வந்து பாத்தாலும் பாப்பாங்க. உன்ற ஊட்டுக்கு எந்தப் போலீசு வரப்போகுது?"

"அதுக்கு அடுப்போரமாடா வெப்பே?"

"நீ மேல இருக்கறதத்தான எடுப்பே? போன வாரமே நீ அள்ளறதப் பாத்துத்தான் அடியில வெச்சேன்."

வாரம் முழுக்க காலையும் மாலையும் இந்த மூட்டையிலிருந்துதான் அள்ளி அள்ளித் தீயில் போட்டிருக்கிறாள்.

"தெரியாம வெச்சிருந்தாக்கூட மனசு ஆறிப்போகும்டா. பாத்து வெச்சிருக்கறயே!"

"சத்தம் போடாதக்கா. வேணும்னா ஸ்டேஷன்ல குடுத்துப்போட்டு, உன்றதுன்னும் மறந்துபோட்டேன்னும் சொல்லிப்போடு. பொம்பளைய என்ன பண்ணிப்போடுவாங்க?"

"என்ற லைசென்சு?"

"போனாப் போகுது. பன்னி வந்தா நானில்லையா?"

அம்மா செத்த வருஷத்திலிருந்து இந்தத் தலைக்கு எண்ணெய் வைப்பது அவள் கைதான். உள்ளங்கையில் இன்னும் பிசுக்கு இருந்தது. சேலையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"ஐயா, தோப்புக்கார ராமாத்தா பேசறனுங்க. என்ற ஊட்டுல தோட்டாப் பையொண்ணு கெடக்குதுங்க. இனி நான் கை வெக்க மாட்டேன், நீங்களே வந்து எடுத்துக்கங்க... என்றதில்லீங்க. என்ற தம்பி கதிரேசனோடதுங்க. இங்கதான் உக்காந்திருக்கறானுங்க."

"அக்கா!" கதிரேசன் எழுந்தேவிட்டான். எண்ணெய் நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கியது. "தலையில எண்ணெயோட நிக்கறனே, இப்படியா என்னைய ஸ்டேஷனுக்கு அனுப்புவே?"

"அவிங்க வாரதுக்கு நேரமாகும். பைப்புல பச்சத்தண்ணி வருது, ஊத்திக்க."

சீயக்காய்க் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, ராமாத்தாள் நனைந்த கொட்டாங்குச்சிகளை வெயிலுக்கு அள்ளிக்கொண்டு போனாள்.