இருபது அடி தூரத்தில் லக்ஷ்மி

யுத்தத்தில் செத்தவர்களைவிடக் கருணையால் செத்தவர்களே உலகத்தில் அதிகம் என்பது சுந்தரராமன் கண்டுபிடித்த உண்மை. கண்டுபிடித்த இடம் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு காப்பிக் கடை. காலம், 1944ஆம் வருஷத்து ஆவணி மாதம். இரண்டு டம்ளர் காப்பியை ஐந்து பேர் பங்கு போட்டுக்கொண்டிருந்த மேஜையில், பி.ஏ. இரண்டாம் வருஷ மாணவனான அவன், நியூட்டன் ஆப்பிளைப் பார்த்த முகத்தோடு இதை அறிவித்தான்.

"ஜப்பான்காரன் குண்டு போட்டா ஒளிஞ்சுக்கப் பதுங்குகுழி தோண்டி வெச்சிருக்கான். தர்மம் பண்றவா தொரத்திண்டு வந்தா எங்கேடா ஒளியறது?"

மற்ற நால்வரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. சிரிக்காமல் சொல்வதுதான் அவன் தொழில். 'கொசு' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினான். ஒரே பிரதிதான், அது மாட்டுங்காவில் வீடு வீடாகப் போய்ச் சாம்பார்க் கறையோடு திரும்பி வரும். இந்த மாத இதழில் அவன் கடித்தது டாக்டர் ஜகந்நாதனின் தொண்டர் சங்கத்தை.

ஜகந்நாதன் ரிடையரான கண், காது டாக்டர். ஏப்ரல் பதினாலாம் தேதி சாயங்காலம் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்ததே, அன்றைக்கு மாட்டுங்காவில் ஜன்னல் கண்ணாடிகள்தான் அதிர்ந்தன. தாராவியில் இருந்து மூட்டை தூக்கப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பலருக்குக் காதில் ரத்தம் வழிந்து நின்றது. ரத்தத்தோடு சத்தமும் நின்றுபோயிற்று. துறைமுகத்தில் மறுபடி வேலை ஆரம்பித்தபோது, செவிட்டு ஆட்களைக் கிரேனுக்கு அடியில் விட்டால் ஆபத்து என்று ஒரு கான்ட்ராக்டர் காதுச் சீட்டு கேட்டான். 'இவனுக்குக் காது கேட்கிறது' என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்ட துண்டுக் காகிதம். அது இல்லாதவனை முகாதம், அதாவது கூலி மேஸ்திரி, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். எனவே ஞாயிறு காலைகளில் தாராவியில் ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில் ஜகந்நாதன் ஒரு மூலையில் கண் பார்த்தார். இன்னொரு மூலையில் மாட்டுங்காத் தொண்டர்கள் காது சோதித்தார்கள்.

சோதனை எளிது. நோயாளி இருபது அடி தள்ளி நிற்பான். தொண்டர் பத்துச் சொற்களைக் கிசுகிசுப்பார். எட்டைத் திருப்பிச் சொன்னால் சீட்டு. சொற்களை முதலில் தயாரித்தவர்கள் மாட்டுங்கா மாமிகள். "ஆத்துல" என்று ஒரு மாமி கிசுகிசுத்ததற்கு, நல்ல காதுள்ள ஒரு கிழவர், "ஆத்துல ஆரும்மா இருக்கா? மீனுதான் இருக்கு" என்று பதில் சொல்லித் தோற்றுப்போனார். அப்புறம் தேங்காய், குருவி, வாசல், கடுகு என்று பொதுவான பட்டியல் வந்தது. இன்னொரு சங்கடம், கேட்பவர்கள் உதட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவது. முதுகைக் காட்டி நிற்கச் சொன்னால், பெரியவர்களுக்கு முதுகு காட்டுவது மரியாதையில்லை என்று திரும்பித் திரும்பிக் கும்பிட்டார்கள். கடைசியில் ஒரு பழைய காலண்டர் அட்டையைத் தொண்டரின் வாய்க்கு முன்னால் பிடிப்பது என்று முடிவாயிற்று. அட்டையில் தாமரை மேல் லக்ஷ்மி. தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு லக்ஷ்மிதான் பேசுகிறாள். கேட்டவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கேட்காதவன், அவள் தன்னோடு மட்டும் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அந்த அட்டையைப் பிடித்தவள் அம்மிணி மாமி. பாலக்காட்டுக்காரி, புருஷன் ரயில்வேயில் குமாஸ்தா. ஆனி மாதத்தில் ஒரு நாள் இசக்கிப்பாண்டி என்கிற துறைமுகக் கூலி எதிரே நின்று அழுதபோது மாமியின் கை தளர்ந்து, லக்ஷ்மி நாலு அங்குலம் கீழே இறங்கிவிட்டாள். மாமியின் உதடு தெரிந்தது. இசக்கிப்பாண்டி பத்துக்குப் பத்து சொன்னான். சீட்டு வாங்கினான். சரியாக மூன்று வாரம் கழித்து, கிரேன் தூக்கிய பஞ்சுப் பொதி கயிறு அறுந்து விழுந்தபோது முப்பது பேர் ஒரே குரலில் கத்தினார்கள். இருபத்தொன்பது பேர் தப்பித்தார்கள் என்றில்லை. முப்பது பேரும் தப்பித்தார்கள். முப்பத்தொன்றாவது ஆள் குனிந்து காலில் தைத்த சிராயைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

'லக்ஷ்மி கடாக்ஷம்' என்று தலைப்புப் போட்டு சுந்தரராமன் இதை எழுதினான். 'ஒரு அங்குலக் கருணைக்கு ஒரு உயிர் வீதம் என்றால் மாமிக்கு இன்னும் மூன்று உயிர் பாக்கி' என்று முடித்திருந்தான். பத்திரிகை அம்மிணி மாமி வீட்டுக்கும் போயிற்று. கறையில்லாமல் திரும்பி வந்தது அந்த ஒரு வீட்டில் இருந்துதான். மறுநாள் அட்டையைச் செய்தித்தாளில் சுற்றி டாக்டரிடம் கொடுத்துவிட்டு மாமி சங்கத்தில் இருந்து நின்றுகொண்டாள்.

டாக்டர் நேரே காப்பிக் கடைக்கு வந்தார். அட்டையை மேஜை மேல் வைத்தார்.

"பேஷா எழுதறே. கையும் நன்னா உறுதியாத்தான் இருக்கும். ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு வந்துடு."

"என் கையிலே அட்டை ஒரு நூல் இறங்காது, டாக்டர்" என்றான் சுந்தரராமன், சிரிக்காமல்.

இறங்கவில்லை. பத்து ஞாயிறுகளில் பத்தொன்பது தடவை ஆளைத் தோற்கடித்தான். ஒருவனும் சாகவில்லை என்பதை நண்பர்களிடம் புள்ளிவிவரமாகச் சொன்னான். பத்தொன்பதில் நாலு, வெயிலுமுத்து ஒருவனே. பனைமரத்தை மூட்டை தூக்கப் பழக்கியது போல் உடம்பு. காது இரண்டும் சுத்தமாகச் செவிடு. ஆனால் பார்வை கழுகுப் பார்வை. ஒவ்வொரு தடவையும் லக்ஷ்மியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவான். நாலாவது தடவை வந்தவன் கேட்பதற்கு முன்பே தயாராக நின்றான். சுந்தரராமன் "குருவி" என்றான். "தேங்கா!" என்று கொட்டகை அதிரச் சொன்னான் வெயிலுமுத்து. "கடுகு" என்றான். "குருவி!" அவன் பெண்டாட்டி பேராச்சி மூன்று வாரமாக ஜன்னலுக்கு வெளியே நின்று பட்டியலை மனப்பாடம் பண்ணி, வீட்டில் வாயசைத்து வாயசைத்து அவனுக்கு உருவேற்றியிருக்கிறாள். அன்றைக்கென்று சுந்தரராமன் வரிசையை மாற்றிவிட்டான். காத்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து, வெயிலுமுத்துவும் சிரித்தான். ஜன்னலில் இருந்த பேராச்சி மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த இதழுக்கு விஷயம் கிடைத்தது என்று சுந்தரராமன் குறித்துக்கொண்டான். ஏனோ எழுத வரவில்லை.

ஐந்தாவது தடவை அவர்கள் வந்தது கார்த்திகையில், ஒரு குழந்தையோடு. நாலு வயசுப் பெண். பொழுது சாய்ந்தால் சுவரில் முட்டிக்கொள்கிறாள் என்றாள் பேராச்சி. டாக்டர் இமையை விலக்கி டார்ச் அடித்தார். சுந்தரராமன் எட்டிப் பார்த்தான். கண்ணில் பளபளப்பே இல்லை. சந்தையில் விற்காமல் சாயங்காலம் வரை கிடந்த மீனின் கண் போல் வறண்டு, வெள்ளையில் நுரை மாதிரி ஒரு திட்டு.

"மாலைக்கண்ணோட நிக்கலை. கருவிழி மெத்துனு ஆயிண்டிருக்கு" என்றார் டாக்டர், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "வயத்துக்கு இல்லாததுதான் காரணம். மீனெண்ணெய் ஒரு பாட்டில் இருந்தது, ரெண்டு மாசம் முன்னாடியே தீர்ந்துபோச்சு. கடையிலே யுத்தத்துக்கு முன்னே பார்த்தது. ஒரு காகிதத்திலே தமிழ்லே எழுதிக் குடு: பால், முட்டை, ஈரல். தெனம். இல்லேன்னா தை பொறக்கறதுக்குள்ளே ரெண்டு கண்ணும் போயிடும்."

சுந்தரராமன் எழுதினான். மூன்றே சொல். அவன் எழுதியதிலேயே பெரிய நையாண்டி அதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. அதை இயற்றியது அவன் இல்லை என்பதும். காகிதத்தைப் பேராச்சியிடம் நீட்டினான்.

"என்ன சாமி போட்டிருக்கு?"

சொன்னான். அவள் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கத்தில் வேறு ஏதாவது இருக்குமோ என்று.

"எந்தக் கடையில சாமி இத வெச்சுக்கிட்டுக் குடுப்பாவ?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை.

"வேற வேலை ஏதாவது..."

"தோல் கிடங்குல சேந்தாவ சாமி. சுண்ணாம்புத் தொட்டி. எங்க வீட்டு ஆளு கையப் பாருங்க." வெயிலுமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். உள்ளங்கைத் தோல் உரிந்து, வெந்து, சிவப்பும் வெள்ளையுமாகக் கிடந்தது. "எட்டு நாள்ல வேண்டாம்னு சொல்லிட்டாவ. இவுகளுக்குத் தெரிஞ்சது மூட்டதான்."

தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது வெயிலுமுத்துவுக்கு விளங்கிவிட்டது. செவிடர்களின் பெருங்குரலில் ஆரம்பித்தான்.

"சாமி, நான் சாக்கிரதையா இருப்பேன் சாமி! எல்லார் வாயயும் பாத்துக்கிடுவேன்! இசக்கிப்பாண்டியப் பாடையில தூக்குனது நாந்தான்! எனக்குத் தெரியாதா!"

"பின்னாலேருந்து கத்தறவனுக்கு வாய் எங்கேடா இருக்கும்?" என்று சுந்தரராமன் கேட்டான். முனகலாகத்தான் வந்தது. வெயிலுமுத்து அவன் உதட்டைப் பார்த்துக் கேள்வியைப் படித்துவிட்டான். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். அது அப்பா முகத்தைத் தேடிக் கையால் துழாவி, மூக்கைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தது.

"டெஸ்ட் உண்டா இல்லையா?" என்றார் டாக்டர், நிமிராமல். அவருக்கு முன்னால் இன்னும் முப்பது ஜோடிக் கண்கள் உட்கார்ந்திருந்தன. "அடுத்த ஆளைக் கூப்பிடட்டுமா?"

"இருக்கு டாக்டர்."

இருபது அடி என்பது தரையில் சுண்ணாம்பால் போட்ட இரண்டு கோடு. குழந்தையைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு வெயிலுமுத்து அந்தக் கோட்டில் போய் நின்றான். இவன் இந்தக் கோட்டில் நின்று அட்டையை உயர்த்தினான். பத்து வாரப் பழக்கத்தில் கை தானாகவே வாய்க்கு நேரே போய் நின்றது. அட்டைக்குப் பின்னால் இருட்டாக, பழைய பசை வாசனையோடு இருந்தது. அம்மிணி மாமியின் குங்குமம் பட்ட விரல் அடையாளம் ஒன்று ஓரத்தில் இருந்ததை அவன் ஞாயிறுதோறும் பார்த்திருக்கிறான். இன்றைக்கு அதன் மேலேயே தன் கட்டைவிரல் இருப்பதைப் பார்த்தான்.

"தேங்காய்" என்று கிசுகிசுத்தான்.

எதிரே சத்தமில்லை. லக்ஷ்மியின் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தான். வெயிலுமுத்து கும்பிட்டபடி நின்றான். கண் லக்ஷ்மி மேல். அவள் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக் காத்திருந்தான்.

கை வலித்தது. பத்து வாரத்தில் ஒரு நாளும் வலித்ததில்லை. தாமரை முதலில் இறங்கியது; பிறகு காசு கொட்டும் கை; பிறகு கிரீடம். நாலு அங்குலம் இருக்கும். இன்னும் கொஞ்சம் இறங்கி, அட்டை அவன் சட்டைப் பொத்தானில் வந்து நின்றது. டாக்டர் தலை நிமிர்ந்தார். பார்த்தார். மறுபடி யாருடைய இமையையோ விலக்கி, டார்ச்சை அடித்துக் குனிந்துகொண்டார்.

சுந்தரராமன் பட்டியலை விட்டுவிட்டான். உதட்டை அழுத்தி மூடி, அகலத் திறந்தான். குரலே கொடுக்கவில்லை.

"பால்!" என்றான் வெயிலுமுத்து.

மறுபடி மூடினான். குவித்துத் திறந்தான்.

"முட்ட!"

ஜன்னலோரம் பேராச்சியின் உதடும் சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது. மூன்றாவது சொல்லுக்கு உதட்டில் வேலையே இல்லை. பல்லுக்குள்ளேயே பிறந்து நாக்கிலேயே முடிந்துவிடுகிற சொல். பல்லைக் காட்டி, நாக்கை மடக்கி, அதைச் சொல்லிக் காட்ட முயன்றான். வெயிலுமுத்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தான். கோட்டைத் தாண்டிவிட்டான். சுந்தரராமன் அதைச் சொல்லவில்லை.

அப்போது கொட்டகைக்கு வெளியே, வெயிலுமுத்துவின் முதுகுக்கு நேர் பின்னால், மாஹிம் ரோட்டில் இருந்து திரும்பிய ஒரு பட்டாள லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்து பிரேக் போட்டது. கூரைத் தகரம் நடுங்கியது. வரிசையில் இருந்தவர்கள் துள்ளி எழுந்தார்கள். டாக்டரின் டார்ச் கீழே விழுந்து உருண்டது. கண் மங்கிய குழந்தைகூடச் சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி அழ ஆரம்பித்தது.

வெயிலுமுத்து மட்டும் திரும்பவில்லை. கும்பிட்ட கையைப் பிரிக்காமல், சுந்தரராமனின் உதட்டையே பார்த்துக்கொண்டு, மூன்றாவது சொல்லுக்காக நின்றுகொண்டிருந்தான்.