சாரைக்கு ஏறிய விஷம்

சாரைப்பாம்புக்கு விஷம் கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். திருவள்ளூர் ரயிலடியில் ஜட்கா ஓட்டிப் பிழைக்கிற இந்தக் கிஃபாயத்துல்லாவுக்கே தெரியும். ஆனால் எங்கள் ஊரில் இதைச் சொல்லிப் பாருங்கள். "உனக்குக் குதிரையப் பத்தித் தெரியும் பாய், பாம்பப் பத்தி இன்னா தெரியும்?" என்று கேட்பார்கள். பாம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆசீர்வாதம் சொன்னது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஆசீர்வாதம் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன், என் வயசுக்காரன். அவன் பெண்சாதி மேரி அதே மில்லில் நெல் காயப்போடும் களத்தில் வேலை செய்தாள். மில்லுக்குப் பின்னால் கூலிக்காரர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். மூட்டை தூக்குகிறவரைக்கும்தான் அந்த வீடு. தோள் போனால் வீடும் போகும், அது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்ததற்கு மறு வருஷம் அது. மில் மூச்சு விடாமல் ஓடியது. நெல் வந்தால் எலி வரும், எலி வந்தால் சாரை வரும். களத்தில் ஒரு சாரை குறுக்கே ஓடினால் போதும், பெண்கள் முறத்தைப் போட்டது போட்டபடி கத்துவார்கள். உடனே ஆசீர்வாதத்தைக் கூப்பிடு என்று ஒரு குரல் போகும். அவன் ஒரு காலிச் சாக்கோடு வருவான்.

சாரையின் ஓட்டத்துக்கு மனுஷன் ஓட முடியாது. பார்த்த இடத்தில் பார்த்த நேரத்தில் இருக்காது. அது மூட்டை இடுக்கில் நுழைகிற சமயம் பார்த்து ஆசீர்வாதம் வாலைப் பிடிப்பான், ஆனால் இழுக்க மாட்டான். பாம்பு போகிற பக்கமே அவனும் போவான், இன்னொரு கையை மெதுவாக அதன் வயிற்றுக்குக் கீழே கொடுப்பான். மனுஷன் நீளத்துக்கு இருக்கிற பாம்பு அவன் கையில் சமாதானமாகத் தொங்கும்.

"இழுத்தாத்தான் பாயி திரும்பிக் கடிக்கும். அது போற போக்குல வுட்டுட்டு நாமளும் கூடவே போய்க்கினு இருக்கணும். ஊட்ல மேரிகிட்ட நான் அப்படித்தான்" என்பான். மேரி முறத்தால் அவன் முதுகில் ஒன்று வைப்பாள்.

சில தடவை கடியும் வாங்கியிருக்கிறான். சீப்பால் கீறினாற்போல வரிசையாகக் கீறலும் கொஞ்சம் ரத்தமும் வரும். வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவான். பிடித்த பாம்பைக் கொல்லமாட்டான், கிடங்கின் பின்பக்கம் விட்டுவிடுவான். எலியைத் தின்னட்டும் என்று முதலாளியும் பேசாமல் இருந்தார்.

வினை மார்கழிக் கடைசியில் வந்தது. உமி மேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பாம்புகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு எழும்பி நின்றன. மில்லே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. சாரையும் நாகமும் பிணைகிறது என்றார்கள். சாரைதான் ஆண், நல்லபாம்புதான் பெண் என்பது ஊர் நம்பிக்கை. அப்போது புது வேட்டியை மேலே போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டால் தொட்டதெல்லாம் துலங்குமாம். மில் மேனேஜர் பூவராகவன் உடனே ஆள் விட்டுப் புது வேட்டி வாங்கி வரச் சொன்னார். கிட்டே போக யாருக்கும் தைரியமில்லை. ஆசீர்வாதம்தான் சிரித்துக்கொண்டே போய்ப் போட்டான்.

திரும்பி வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ரெண்டும் சாரைதாங்க மேனேஜரே. ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டுது" என்றான்.

பூவராகவன் முகம் சுண்டிப் போயிற்று. "அது படமெடுத்ததப் பார்த்தேன்டா" என்றார். அவர் பார்த்தேன் என்றதும் இன்னும் பத்துப் பேர் பார்த்தார்கள். அந்த வாரமே அவர் மகளுக்கு வரன் அமைந்துவிட்டது. அதன்பிறகு அது நாகம் இல்லை என்று சொல்ல இந்த ஜில்லாவில் யாரால் முடியும்?

தை அமாவாசை வந்தது. அன்றைக்கு வீரராகவர் கோயில் குளத்தில் முழுக்குப் போட ஜனம் ரயில் ரயிலாக வந்து இறங்கும். எங்களுக்கும் குதிரைகளுக்கும் தண்ணீர் குடிக்க நேரமிருக்காது. நான் கோயிலுக்கும் ரயிலடிக்குமாகச் சவாரி அடித்துக்கொண்டிருந்தபோது மில் வாசலில் கூட்டம் தெரிந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளே போனேன்.

ஆசீர்வாதம் நெல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். அரவை மெஷினுக்குப் பெல்ட் ஓடுகிற பள்ளத்தில் ஒரு சாரை விழுந்திருக்கிறது. பெல்ட்டில் சிக்கிக் கிழியப் போகிறதே என்று அவசரத்தில் வாலைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறான். அவன் செய்யாதே என்று சொல்கிற காரியத்தை அவனே செய்துவிட்டான். பாம்பு திரும்பி வலது கை மணிக்கட்டில் கவ்விவிட்டு ஓடிவிட்டது. அவன் வழக்கம்போல வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கிறான், பூவராகவன் உட்கார வைத்துவிட்டார்.

"எந்தச் சாரைடா அது? அன்னிக்கி நாகத்தோட பிணைஞ்சதா?" என்று கேட்டாராம். "நாகத்தோட சேர்ந்த சாரைக்கு அதோட வெஷம் ஏறியிருக்கும். அதுவும் அமாவாசை வேற."

இதைக் கேட்டுக் களத்திலிருந்து மேரி ஓடிவந்தாள். பாவம், அவள் யாரைக் கேட்பாள்? பாம்பென்றால் படையும் நடுங்கும், அவள் ஒரு பெண்பிள்ளை. சாக்கு தைக்கிறவனிடமிருந்து சணலைப் பிடுங்கி முழங்கைக்குக் கீழே சுற்றி, காலை முட்டுக் கொடுத்து இழுத்து முடிச்சுப் போட்டாள். நான் போனபோது சணல் சதைக்குள் புதைந்திருந்தது.

"இன்னா பாயி, கூத்தைப் பாத்தியா? சாரை கடிச்சதுக்கு எனக்குப் பாடை கட்றாங்கோ" என்று ஆசீர்வாதம் சிரித்தான்.

"அவுத்துடு மேரிம்மா, கை செத்துப்பூடும். இவனை எத்தினி வாட்டி கடிச்சிருக்குது! சந்தேகமா இருந்தா வா, வண்டியிலயே ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போறேன்" என்றேன். வண்டிக்குள் புல் அறுக்கிற கத்தி இருந்தது, அதை எடுத்து வந்தேன். நாலு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அவன் செத்தா நீ பதில் சொல்லுவியா பாய்?" என்று கேட்டார் பூவராகவன். மேரி என் காலில் விழுந்துவிட்டாள். "அண்ணே, எனக்கு இவர விட்டா யாருண்ணே இருக்காங்க?" என்று அழுதாள். கத்தியைத் திரும்ப வண்டியில் போட்டேன்.

அதற்குள் காக்களூரிலிருந்து தணிகாசலத்தைக் கூட்டி வந்துவிட்டார்கள். பாம்புக்கடிக்கு மந்திரிக்கிறவர். ஆளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், நாளைக் கேட்டார். மறுநாள் விடிகிறவரை கட்டை அவிழ்க்கக் கூடாது, கடிபட்டவன் தூங்கக் கூடாது, வேப்பிலை கசக்கிறவரை பயமில்லை, கசப்பு விட்டுப்போனால் விஷம் தலைக்கு ஏறுகிறது என்று அர்த்தம் என்றார். மாதா கோயில் உபதேசியார் வந்து ஜெபம் பண்ணினார். என் மாமியார் தர்காவிலிருந்து ஓதிய தண்ணீர் கொடுத்தனுப்பினாள். மூன்று மதமும் ஒற்றுமையாக இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். கட்டை அவிழ்க்கச் சொல்லத்தான் ஒருத்தருமில்லை.

ஆசீர்வாதம் முதல் கொத்து வேப்பிலையை மென்று காறித் துப்பினான். "சனியன், கசக்குது. போதுமா?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கொடுத்தார்கள். சுற்றி நின்ற ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கொத்து கொண்டுவந்தார்கள். கசக்குதா, கசக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நான் இரண்டு சவாரி அடித்துவிட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தேன். கை வீங்கிக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அவன் சிரிக்கவில்லை. உதட்டோரம் பச்சையாக ஒழுகிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து வேப்பிலையை மென்ற நாக்கில் என்ன ருசி மிஞ்சும்? நான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆசீரு, அது சாரைடா. நீதானேடா எனக்குச் சொல்லிக் குடுத்தே. ஒரு வார்த்தை சொல்லு, யார் தடுத்தாலும் அறுத்துடறேன்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்த ஆசீர்வாதம் அந்தக் கண்ணில் இல்லை.

"கசப்பு தெரியலை பாயி. அவுக்காத" என்றான்.

அடுத்தவன் பயத்தோடு சண்டை போடலாம், அவனே பயந்துவிட்ட பிறகு நான் யாரோடு சண்டை போடுவது?

மறுநாள் விடிந்ததும் தணிகாசலம் கட்டை அவிழ்த்தார். ஆள் பிழைத்துவிட்டான் என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். விரல்கள் கரியாக இருந்தன, ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை. என் வண்டியில் போட்டுக்கொண்டு ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவர்கள் உடனே பட்டணத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். குதிரையை மச்சானிடம் விட்டுவிட்டு நானும் ரயில் ஏறினேன். பட்டணத்தில் கையை முழங்கையோடு எடுத்துவிட்டார்கள்.

வராந்தாவில் மேரி ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தபோது, உள்ளே கையை எடுத்த டாக்டர் ஆசீர்வாதத்திடமும் என்னிடமும் சொன்னார். "விஷப்பாம்பே இல்லையே. விஷம் ஏறியிருந்தா ஆள் இருக்க மாட்டான். அந்தக் கட்டுதான் கையைக் கொன்னுடுச்சு. எந்த முட்டாள் கட்டினான்?"

ஆசீர்வாதம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவர் போன பிறகு, "மேரிகிட்ட சொல்லாத பாயி. தாங்க மாட்டா" என்றான். நான் தலையாட்டினேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கை போனாலும் தலை தப்பியது, எல்லாம் மேரி கட்டிய கட்டு என்றார்கள். களத்துப் பெண்கள் அவளைச் சாவித்திரி என்றார்கள். அவளும் அதை நம்பினாள். பூவராகவன் வேட்டியின் மகிமை இன்னும் ஏறியது, நாகத்தின் விஷம்தான் என்று கையே போய்ச் சாட்சி சொல்லிவிட்டதே! மூட்டை தூக்க முடியாதவனுக்கு வீடு எதற்கு என்று வரிசை வீட்டை வேறொருத்தனுக்குக் கொடுத்தார்கள். புருஷனும் பெண்சாதியும் ஏரிக்கரையில் குடிசை போட்டுக்கொண்டார்கள். மேரி கூலியில் இரண்டு வயிறு. களத்தில் ஆடும் காக்காயும் விரட்ட ஆசீர்வாதத்தைக் குச்சியோடு உட்கார வைத்தார்கள், அதுவும் மேரி கெஞ்சிக் கேட்டது. சாரை ஓடினால் இப்போது கழி எடுத்து அடித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான்.

அடுத்த அறுவடை நெல் வந்தது. ஒருநாள் மத்தியானம் தவிடு ஏற்ற வந்த ஒருத்தரை மில்லில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது களத்திலிருந்து அதே கூச்சல் கேட்டது. செண்பகம் என்கிற பெண், கல்யாணமாகி வந்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவள். சாக்கை உதறும்போது உள்ளேயிருந்த சாரை கையைக் கீறிவிட்டுப் பாய்ந்திருக்கிறது. பாம்பை நானே பார்த்தேன். மஞ்சளும் பழுப்புமாக, பெரிய கண்ணோடு, களத்தைத் தாண்டி ஓடியது.

மேரி அவளை மடியில் சாய்த்துக்கொண்டிருந்தாள். ஆசீர்வாதம் சாக்கு தைக்கிற சணலோடு பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். ஒற்றைக் கையால் அவள் முழங்கைக்குக் கீழே சுற்றிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் நான் தலையாட்டியதை எல்லாம் மறந்தேன். களமே கேட்கக் கத்தினேன். "வுடுடா! அது சாரை! டாக்டரு உன் மூஞ்சிக்கி நேரா சொன்னாரேடா, வெஷம் இல்ல, கட்டுதான் கையத் தின்னுச்சின்னு! இந்தப் பொண்ணு கையையும் தின்னப் போறியா?"

மேரி நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"இன்னாங்க சொல்றாரு பாயண்ணன்?" என்றாள்.

ஆசீர்வாதம் அவள் பக்கம் திரும்பாமலே என்னிடம்தான் பேசினான், சத்தமில்லாமல், கெஞ்சுகிற மாதிரி.

"சாரைன்னா, என் கை எதுக்குப் போச்சு பாயி?"

நான் வாயைத் திறப்பதற்குள் களத்தில் யாரோ, "பாய் சொல்றதக் கேக்காதீங்க, சீக்கிரம் கட்டுங்க" என்றார்கள்.

சணலின் ஒரு நுனியை ஆசீர்வாதம் பல்லில் கடித்துக்கொண்டான். மறு நுனியை மேரியிடம் நீட்டினான். அவள் அவனுடைய மொட்டைக் கையைப் பார்த்தாள், பிறகு வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள்.