தண்ணீர் வந்த நேரத்தில் ஒரு களவு

ஜெர்வின் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். முதல் இடம் உவரி அந்தோணியாருக்கு. அதில் யாரும் போட்டிக்கு வர முடியாது. இரண்டாவது இடம் டெனிசுக்கு. மணப்பாட்டுக்காரனான டெனிஸ், சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் அவனோடு வேலை பார்த்தவன். கப்பலைவிட்டு இறங்கும்போது ஒரு ஹார்ட் டிஸ்கைக் கையில் திணித்துவிட்டுப் போனான். பாட்டும் சண்டையுமாக ஏதாவது இருக்கும் என்று திறந்தால், அத்தனையும் பழைய கறுப்பு வெள்ளைப் பிரெஞ்சுப் படங்கள். எல்லாம் திருட்டைப் பற்றிய படங்கள். திருட்டுப் படம் என்று சுருக்கிச் சொன்னால் நம் ஊரில் அர்த்தம் வேறாகிவிடும்.

முதல் படத்தில் ஜெர்வின் தூங்கிப்போனான். இரண்டாவது படத்தில் எழுந்து உட்கார்ந்தான். மழையில் நனைந்த தெரு, மேல்கோட்டும் தொப்பியுமாக நாலு பேர். அதில் ஒருத்தன் ஜெயிலிலிருந்து அப்போதுதான் வந்தவன், மருந்துக்கும் சிரிப்பு கிடையாது. ராத்திரியில் ஒரு கடைக்குள் இறங்குகிறார்கள். அதற்கப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஒரு சொல் இல்லை, ஒரு வாத்தியச் சத்தம் இல்லை. ஒருத்தன் கையை நீட்டினால் இன்னொருத்தன் சரியான கருவியை அதில் வைக்கிறான். ஒருத்தன் களைத்தால் இன்னொருத்தன் தோளைத் தொட்டு அவனை உட்காரவைக்கிறான்.

ஜெர்வினுக்கு அது கதையாகவே தெரியவில்லை, தன் பிழைப்பாகத் தெரிந்தது. இயந்திர அறையிலும் காதை அடைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அங்கே கையும் கண்ணும்தான் பாஷை. வருஷக்கணக்காக அப்படி வேலை பார்த்தவனுக்கு, பேசாத மனுஷன் எல்லாம் கல்நெஞ்சுக்காரன் இல்லை என்று புரியவைத்தவை அந்தப் படங்கள்தான். அதற்காகவே அவன் டெனிசைத் தினமும் நினைத்துக்கொள்வான்.

கல்யாணத்துக்கு அப்புறம் கப்பலை விட்டுவிட்டு வண்ணார்பேட்டையில் ஏசி பழுது பார்க்கும் கடையில் சேர்ந்தான். மனைவி பிரியதர்ஷினி வயிற்றில் பிள்ளையோடு கிடந்த மாதங்களில், அவள் காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டபடி அந்தப் படங்களை ஒவ்வொன்றாக அவளுக்கும் போட்டுக் காட்டினான்.

"களவாணிப் பயலுவ எம்புட்டு ஒழுங்கா வேலை பாக்கானுவ பாருங்க" என்று ஆச்சரியப்பட்டாள். எல்லாப் படத்திலும் களவு ஜோராக நடந்துவிடும், அதற்கப்புறம்தான் எல்லாம் பாழாகும். யாராவது ஒருத்தன் ஒரு பெண்ணைப் பார்க்கத் திரும்பிப் போவான், அல்லது ஓட வேண்டிய நேரத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிடுவான். பிரியதர்ஷினிக்கு அந்த இடம்தான் பிடிக்கும். "போலீஸ்ட்டயா மாட்டுதானுவ? பிரியத்துலல்லா மாட்டுதானுவ" என்பாள்.

அப்படிச் சொல்பவளுக்கு அந்த விஷயத்தில் அனுபவம் உண்டு. உவரிக் கடற்கரைப் பையனைக் கட்டிக்கொண்டதற்காக அவளுடைய அப்பா ஆவுடைநாயகம் அவளைத் தலை முழுகிவிட்டார். ஆவுடைநாயகம் அண்ணாச்சி மேலப்பாளையம் சந்தையில் மாட்டுத் தரகர். அவர் ஒரு மாட்டைப் புகழ ஆரம்பித்தால் சந்தையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். அதே தொண்டையில், அதே சந்தையில் நின்று, "எனக்கு மக கெடையாது. எவனும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது" என்று அவர் சொன்னதும் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்பது ஊர் வழக்கம். பிரியதர்ஷினிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிள்ளை பிறந்ததும் அவளுடைய அம்மா இசக்கித்தாய் மட்டும் மனசு கேட்காமல், தினமும் சோற்றுத் தூக்குச்சட்டியோடு பின்பக்கச் சந்து வழியாக வந்து போனாள். முன்வாசல் வழியாக வர முடியாது. எதிர்வீட்டில் இருக்கும் மாரித்தாய், ஆவுடைநாயகத்துக்கு மாமன் மகள். அவள் கண்ணில் ஒன்று பட்டால் பொழுது சாய்வதற்குள் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிடும். ஜெர்வின் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்திருந்தான்.

பிள்ளை பிறந்ததிலிருந்து பிரியதர்ஷினிக்குத் தூக்கம் போய்விட்டது. பிள்ளை தூங்கினாலும் அவள் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். காரணமில்லாமல் அழுதாள். ஒருநாள், "எனக்குப் பிள்ளையத் தூக்கவே பயமா இருக்கு, நீங்களே வச்சுக்கிடுங்க" என்று அவள் சொன்னாள். ஜெர்வின் அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "முதல்ல இவ நல்லா தூங்கணும். தூங்குனா எழுப்பிராதீங்க, என்ன ஆனாலும் சரி" என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் அவள் தூங்கினாள். கடை முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு ஜெர்வின் சமையலறையில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால், முன்னறையில் பத்தமடைப் பாயில் பிள்ளையை அணைத்தபடி, வாய் லேசாகத் திறந்திருக்க, சின்னப் பெண்ணாட்டம் தூங்கிக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கண் கலங்கிப்போனது. அந்தோணியாருக்கு அங்கேயே ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டான்.

பின்கதவு லேசாகத் தட்டப்பட்டது. இசக்கித்தாய் என்று நினைத்துத் திறந்தான். தலையில் துண்டைப் போட்டு முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு, கையில் தூக்குச்சட்டியோடு ஆவுடைநாயகம் நின்றார்.

ஜெர்வின் சட்டென்று விரலை உதட்டில் வைத்து, முன்னறையைக் காட்டி, கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்தான். அவர் தலையாட்டினார். தூக்குச்சட்டியை வைத்துவிட்டுத் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். இசக்கித்தாய்க்கு மூட்டுவலி, அதனால் வேறு வழியில்லாமல் நான் வந்தேன், மற்றபடி ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே என்று அதற்குப் பொருள். முன்னறைப் பக்கம் திரும்பாமலே கிளம்பப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் குழாய் சீறியது. ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டது.

மூன்று நாளைக்கு ஒருமுறை, அதுவும் கொஞ்ச நேரம்தான் வரும். விட்டால் பிள்ளைத் துணி அலசக்கூடத் தண்ணீர் இல்லை. மோட்டார் போட்டால் தொட்டி நிறைந்துவிடும், ஆனால் அந்த மோட்டார் முன்னறைச் சுவரை ஒட்டி இருந்தது. அரிசி மில்லே வீட்டுக்குள் வந்ததுபோல் அலறும். ஜெர்வின் மோட்டார் சுவிட்சைப் பார்த்தான், தூங்குகிறவளைப் பார்த்தான், சமையலறையில் காலியாகக் கிடந்த பெரிய டிரம்மைப் பார்த்தான். வாசலில் பள்ளம் தோண்டிப் போட்டிருந்த குழாயில் பிடித்து, முன்னறையில் அவள் தலைமாட்டைக் கடந்து, சமையலறைக்குச் சுமந்து வர வேண்டும். தனியாளாகச் செய்து முடிப்பதற்குள் தண்ணீர் நின்றுவிடும்.

ஆவுடைநாயகமும் அதே வரிசையில் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கி ஜெர்வின் கையில் கொடுத்தார்.

அங்கே ஆரம்பித்தது களவு. ஜெர்வின் வாசலில், ஆவுடைநாயகம் கதவு மறைவில். எதிரே பொதுக்குழாயடியில் மாரித்தாய் நிற்பதால் அவர் தலை வெளியே தெரியக் கூடாது. தண்ணீர் குடத்தில் விழும் சத்தத்தை அடக்க ஜெர்வின் ஒரு பழைய வேட்டித் துணியைக் குழாய் வாயில் சுற்றினான். நிறைந்த குடத்தைக் கதவுக்குள் நீட்டினால் இரண்டு முரட்டுக் கைகள் வாங்கிக்கொள்ளும், காலிக் குடம் திரும்பி வரும். அவர் பாயைச் சுற்றி, சுவரோரமாக, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் நடந்தார். சந்தையையே அதிரவைக்கிற மனுஷன் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன ஜெர்வினு, மோட்டார் போடலியா?" என்று மாரித்தாய் எதிரிலிருந்து குரல் கொடுத்தாள். அவன் கையை விரித்துக் காட்டினான். "ரிப்பேரா? ஏசி ரிப்பேர் பாக்கவன் வீட்டுல மோட்டார் ரிப்பேரா?" என்று சிரித்தாள். திட்டிக்கொள்ளட்டும், சிரித்துக்கொள்ளட்டும், கிட்டே மட்டும் வராமல் இருந்தால் போதும் என்று ஜெர்வின் பல்லைக் கடித்தான்.

அடுத்த குடத்தை நீட்டியபோது அந்தக் கைகள் குடத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தன. கதவு மறைவுக்குள் அவனை இழுத்து, அவன் கைமேல் துண்டைப் போட்டார் ஆவுடைநாயகம். ஜெர்வினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரியதர்ஷினி சொல்லியிருக்கிறாள்: "அப்பா சந்தையில எம்புட்டுக் கத்துனாலும் வெலைய மட்டும் கத்த மாட்டாவ. துண்டுக்குள்ள விரலைப் புடிச்சுத்தான் பேசுவாவ." துண்டுக்குள் அவனுடைய மூன்று விரல்களை அவர் ஒவ்வொன்றாக அழுத்தினார். பிறகு சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். டிரம் நிறைந்துவிட்டது, இன்னும் மூன்று குடம் பிடித்து வைத்தால் போதும்.

ஜெர்வின் புரிந்ததென்று தலையாட்டினான். தரகு முடிந்தால் கையை விட்டுவிட வேண்டும். அவர் உடனே விடவில்லை. மாட்டுக் கயிறு பிடித்துக் காய்ப்பேறிய அந்தக் கை, அவன் கையை முழுசாக ஒருதரம் மூடி, அப்புறம்தான் விட்டது. மகளைக் கட்டிக்கொடுக்கும்போது தாரைவார்த்துத் தர வேண்டிய கை அது. இவ்வளவு நாளைக்கு அப்புறம் கதவு மறைவில், துண்டுக்குள்ளாவது கிடைத்ததே என்று ஜெர்வினுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மூன்று குடமும் உள்ளே போயின. டிரம்முக்குப் பக்கத்தில் இடமில்லாததால், அவற்றை ஆவுடைநாயகம் சமையலறையின் குறுகலான நடைவழியில் பின்கதவுவரை வரிசையாக வைத்திருந்தார். தன் கையில் மிஞ்சிய ஒரு கடைசிக் குடத்தையும் பிடித்து வைத்துவிடலாம் என்று ஜெர்வின் குழாயடியிலேயே நின்றான். நல்லபடியாக முடிந்தது என்று நினைக்கும்போதே அவனுக்கு அந்தப் படங்கள் ஞாபகத்துக்கு வந்தன. எல்லாம் முடிந்தது என்கிற இடத்தில்தானே அங்கே எல்லாம் கெடும்.

கதவிடுக்கு வழியாகப் பார்த்தான். ஆவுடைநாயகம் பின்பக்கம் போகாமல் பாயோரம் நின்றுவிட்டிருந்தார்.

அதுவரைக்கும் முகத்தைச் சுவர்ப்பக்கமே வைத்து நடந்த மனுஷன், போகிற போக்கில் ஒருமுறை மகளைப் பார்த்துவிட்டார். ஒரு பார்வையோடு போயிருக்கலாம். கொஞ்சம் குனிந்தார். பிள்ளையின் முகம் தெரியவில்லை என்று இன்னும் கொஞ்சம் குனிந்தார். தோளில் கிடந்த துண்டு நழுவிப் பிள்ளையின் மூக்கில் விழுந்தது.

பிள்ளை முகத்தைச் சுளித்தது. கைகால்களை உதறியது. உதடு கோணிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்தது. அடுத்தது அலறல்தான் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆவுடைநாயகம் பிள்ளையை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். மகள் புரண்டாள், விழிக்கவில்லை. அவர் பின்பக்கம் திரும்பினார். நடைவழி முழுக்கக் குடங்கள், தன் கையாலேயே அடுக்கி வைத்தவை. பிள்ளையோடு அவற்றைத் தாண்ட முடியாது. முன்வாசலைப் பார்த்தார். வெளியே சுள்ளென்று வெயில், தெரு நிறையக் குடங்கள், பெண்கள், நடுவில் மாரித்தாய்.

ஜெர்வின் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். யோசித்ததாகவே தெரியவில்லை. அப்படியே வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டார். தலையில் துண்டு இல்லை, கால் செருப்பு பின்வாசலில் கிடந்தது. வீட்டைவிட்டு நாலு எட்டு நடந்ததும் பிள்ளை தொண்டையைத் திறந்தது. தாத்தாவின் தொண்டைதான் அது, சந்தேகமே இல்லை. தெரு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

மாரித்தாய் இடுப்புக் குடத்தோடு ஓடி வந்தாள். "யாத்தே, ஆவுடை அத்தான்லா இது! நீங்க எப்பம் இங்கன வந்திய? யாரு பிள்ளை அத்தான் இது?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

ஜெர்வின் குழாயை மறந்துவிட்டிருந்தான். அவன் குடம் நிறைந்து வழிந்து பள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆவுடைநாயகம் பிள்ளையைத் தோளில் போட்டு, முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டே மாரித்தாயைப் பார்த்தார். கூடிவிட்ட மற்றப் பெண்களையும் பார்த்தார். ஜெர்வின் அதுவரை கேட்டிராத ஒரு மெல்லிய குரல் அவரிடமிருந்து வந்தது.

"ஏட்டி மாரித்தாய், பைய பேசு. எம் மக உள்ள தூங்குதா."

மாரித்தாய் வாயை மூடிக்கொண்டாள். இடுப்பிலிருந்த குடத்தைச் சத்தம் வராமல் தரையில் இறக்கி வைத்தாள்.