மூன்று மணிக்குள் ஒரு கையெழுத்து

படாரென்று கதவு திறந்து சுவரில் மோதியது. மேஜையில் தலை சாய்த்திருந்த சில்லறை திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“என்னம்மா, தூக்கமா? சேமிப்புத் திட்ட அதிகாரி நாளைக்கு வரலையாம். இன்னைக்கே மூணு மணிக்கு வர்றாராம்!” சொல்லிவிட்டு, கல்லூரி குமாஸ்தா வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

மணி இரண்டரை.

பஸ் கண்டக்டர் தரவேண்டிய மீதியைக்கூட நோட்டில் குறித்து வைப்பவளுக்குச் சில்லறை என்று பெயர் விழாமல் என்ன செய்யும்? இறுதியாண்டு மாணவி. காலையில் வகுப்பு, சாயங்காலம் ஜெராக்ஸ் கடையில் வேலை, இடையில் முதலாண்டுப் பெண்கள் ஆறு பேருக்குச் சேமிப்புப் பாடம். பருவ முடிவில் ஆறு பேர் கணக்கிலும் ஆளுக்கு மூவாயிரம் இருக்கிறது என்று அவள் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அந்த அதிகாரியிடம் கொடுத்தால், அவளுடைய கடைசிப் பருவக் கட்டணம் தள்ளுபடி. இல்லையென்றால் வெள்ளிக்கிழமைக்குள் கட்டியாக வேண்டும். கட்டுவதற்கு அவளிடம் சல்லிக்காசு கிடையாது.

அவள் சொல்லி அனுப்பியதும் ஆறு பேரும் மூச்சிரைக்க வந்து பாஸ்புக்குகளை மேஜையில் அடுக்கினார்கள். முன்னால் நின்றவள் வக்கீல். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அந்தப் பெயர்.

“எல்லாம் பக்கா அக்கா. மூவாயிரத்துக்கு ஒரு பைசா குறையாது.”

சில்லறை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முதல் புத்தகத்தில் நாலாம் தேதி மூவாயிரம். அடுத்ததில் ஐந்தாம் தேதி. அப்புறம் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. அதற்கு மேல் எதிலும் ஒரு வரிகூட இல்லை.

அவளுக்குக் கண் எரிந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள்.

“எல்லாரும் பேங்குக்குப் போய் இன்னொரு தடவை அச்சடிச்சிட்டு வாங்க.”

“இப்பவாக்கா? க்யூ வாசல் வரைக்கும் நிக்கும்.”

“நிக்கட்டும்.”

யாரும் நகரவில்லை. கடைசியில் நின்ற பெண் மூக்கை உறிஞ்சினாள்.

“ஒரே மூவாயிரம்தானே?” என்றாள் சில்லறை. “ஒருத்தி போட்டு அச்சடிக்கிறது, உடனே எடுத்து அடுத்தவகிட்ட கொடுக்கிறது. எடுத்ததை மட்டும் யாரும் அச்சடிக்கிறதில்ல. யார் பணம்?”

“எங்க அண்ணனோடது,” என்றாள் வக்கீல், குரல் இறங்கி. “நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணும்.” பிறகு உடனே தேறிக்கொண்டாள். “அக்கா, அந்த அதிகாரி தேதியையெல்லாம் பார்க்கவா போறார்? உங்க கையெழுத்தைத்தான் பார்ப்பார். எங்களுக்கும் பாஸ், உங்களுக்கும் ஃபீஸ் மிச்சம். யாருக்கு என்ன நஷ்டம்?”

சில்லறை பேனா மூடியைத் திறந்தாள். கையெழுத்துப் போட்டால் இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். போடாவிட்டால் கடை முதலாளி முன்னால் நின்று முன்பணத்துக்குப் பல்லிளிக்க வேண்டும். கொடுத்த பணத்துக்கு அவர் ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்துப் பிழிந்துவிடுவார். நினைக்கும்போதே முதுகு வலித்தது.

படிவத்தை இழுத்து, ஆறு பெயருக்கு எதிரிலும் ‘சேமிப்பு இல்லை’ என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

வக்கீலுக்கு முகம் செத்துவிட்டது. “எப்படிக்கா பார்த்ததும் கண்டுபிடிச்சீங்க?”

“நான் ஃபர்ஸ்ட் இயர் படிச்சப்ப சுத்தின மூவாயிரத்துல, அஞ்சாவது பாஸ்புக் என்னோடது.”