சஷ்டி ஐந்து நாற்பது வரை

கல்கத்தா பாலிகஞ்சில், வக்கீல் சுப்ரியாவின் அறையில், ரஞ்சனா முக்கால் மணி நேரமாக ஒரே வரியை முறைத்துக்கொண்டிருந்தாள். "என் தந்தை ஸ்ரீனிவாசராகவன் காலை ஏழு மணிக்குக் காலமானார்." அது உண்மை என்று சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பா உயிலில் வீட்டை அவளுக்கு எழுதியிருந்தார். கோர்ட் அதை ஏற்பதற்குள், ஹவுராவிலிருக்கும் தங்கை அமலா சாவில் சந்தேகம் என்று மனுப் போட்டுவிட்டாள். குளிப்பாட்டும்போது அப்பாவின் பின்மண்டை வீங்கியிருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

வீங்காமல் என்ன செய்யும்? அன்று விடிகாலை ஐந்து பத்துக்குத் தம்பி ஜெயந்த், உயிலை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டு அப்பாவைத் தள்ளினான். கதவு நிலையில் மண்டை மோதியது. அவ்வளவுதான், உயிர் போய்விட்டது. "நான் இங்க வரவே இல்லேன்னு சொல்லிடு, அக்கா" என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அம்மா போனபின் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. ஏழு மணிக்கு அவன் கரியாஹாட் சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்ததைப் பத்துப் பேர் பார்த்தார்கள். ஏழு மணிக்குத்தான் அப்பா நெஞ்சு வலி என்று சாய்ந்தார் என்று ரஞ்சனா டாக்டரிடம் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

ஆனால் அன்றைக்கே, காரியம் செய்துவைக்க வந்த வாத்தியார் கேட்டார். "பிராணன் போன நேரம் என்னம்மா? ஐந்து நாற்பது வரைக்கும் சஷ்டி, அப்புறம் சப்தமி."

டாக்டரிடம் பொய் சொல்லலாம். வாத்தியாரிடம் சொன்னால் திதி தப்பிப் போகும், வருஷா வருஷம் அப்பா பட்டினி கிடப்பார். அவர் காதோடு, "ஐந்து பத்து" என்றாள். அந்த ஒன்றையாவது அப்பாவுக்கு ஒழுங்காகச் செய்தோம் என்றுதான் இந்த ஒரு வருஷமும் அவளால் சாப்பிட முடிந்தது.

போன வாரம் வாத்தியார் வருஷ ச்ராத்தம் சஷ்டியில் என்று எல்லோருக்கும் வாட்ஸ்அப் அனுப்பினார், அமலாவுக்கும்தான். அவள் பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். அப்பா போன அன்று சஷ்டி ஐந்து நாற்பதோடு முடிந்திருந்தது. அதைக் கோர்ட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

"ரெண்டு டைம் எப்படி, தீதி?" என்றாள் சுப்ரியா. கல்கத்தாவிலேயே பிறந்த தமிழ்ப் பெண், அக்கா என்பதற்கு வங்காளத்துத் தீதிதான் வாயில் வரும். "ஏழுதான் நிஜம்னா, வாத்தியார்கிட்ட தப்பா சொல்லிட்டேன்னு ஒரு பாரா சேர்க்கணும். ச்ராத்தத்தையும் சப்தமிக்கு மாத்தணும். இல்லேன்னா ஜட்ஜ் கேப்பார்."

ஏழு என்றால் அப்பாவுக்குத் துரோகம், ஐந்து என்றால் தம்பிக்கு ஜெயில். ரஞ்சனா வெளியே போய் ஜெயந்தைப் போனில் கூப்பிட்டாள்.

"இதுக்குப் போயா யோசிக்கறே?" என்றான் அவன். "சப்தமின்னே பண்ணிடலாம் அக்கா. அப்பாவுக்கு என்ன தெரியவா போறது?"

ஒரு வருஷமாக அவன் அழுதது எல்லாம் அப்பாவுக்காக என்று நம்பியிருந்தாளே, பைத்தியக்காரி!

உள்ளே வந்து, ஏழு என்பதை அடித்துவிட்டு ஐந்து பத்து என்று எழுதினாள். தள்ளியது யார் என்பதையும் கீழே எழுதினாள்.

சுப்ரியா படித்துவிட்டுக் காகிதத்தை மேஜையில் வைத்தாள். "தீதி, மறைச்சதுக்குப் போலீஸ் உங்களையும் விடாது."

"தெரியும்மா. எங்கே கையெழுத்து?"

போட்டு முடித்தபோது போன் அடித்தது. "முடிஞ்சுதா, அக்கா?"

"முடிஞ்சுதுடா. திதி சஷ்டிதான். அன்னிக்கு நீ ஜெயிலுக்கு வெளியில இருந்தா, வந்து அப்பாவுக்குப் பிண்டம் போடு."