நடு இடம்

அம்மாவின் சவப்பெட்டியின் மேல் பெரிட் மலர்வளையத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அந்த ஆறு பேரும் தேவாலயத்துக்குள் நுழைந்தார்கள். அம்மாவோடு மாநில உச்ச நீதிமன்றத்தில் இருந்த நீதிபதிகள். தலைமை நீதிபதியை அங்கே நீதிபதிகளே தேர்ந்தெடுப்பார்கள்; வயதாகிவிட்டது என்று சொல்லி, ஓட்டுப் போட்டு, அவளைத் தலைமைப் பதவியிலிருந்து இறக்கியவர்களும் இவர்கள்தான். என்ன முகத்தோடு வந்தார்களோ! பெரிட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதிய தலைமை நீதிபதி க்ரூகர் கோட்டில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு அவளிடம் வந்தார்.

"உங்கம்மா சோல்வெய்கைப் பத்தி நான் ரெண்டு வார்த்தை பேசட்டுமாம்மா?"

"பேப்பர்காரங்ககிட்டப் பேசினது பத்தலையா? மறதி, தள்ளாமைன்னு?"

"கோர்ட்டோட நல்லதுக்காகத்தான்..."

"அம்மா ஒரு தீர்ப்பையாவது மறந்துபோய்க் கிடப்புல போட்டாங்களா? சொல்லுங்க."

க்ரூகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நீதிமன்றத்தில் தலைமை நடுவில், அடுத்த மூத்தவர் அவருக்கு வலப்பக்கம், அதற்கடுத்தவர் இடப்பக்கம். "காப்பி குடிக்கப் போனாலும் அந்த வரிசை மாறாதுடி" என்று அம்மா கிண்டல் செய்வாள். இங்கேயும் மாறவில்லை. க்ரூகருக்கு வலப்பக்கம் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டிருந்தார்கள். பதவி போனபிறகு அம்மாவைத் தள்ளிய இடம். வேண்டுமென்று செய்ததல்ல, வெறும் பழக்கம். அதுதான் பெரிட்டை இன்னும் சுட்டது. செத்தபிறகும் அம்மாவுக்கு அந்த இடம்தானா?

நேராகப் போய் க்ரூகர் முன்னால் நின்றாள்.

"எழுந்திரிங்க."

"என்னது?"

"நடு இடம் அம்மாவோடது. நீங்க அந்தப் பக்கம் தள்ளி உட்காருங்க."

"அது ஓட்டுப் போட்டு முடிஞ்ச விஷயம், பெரிட்."

"உங்க ஓட்டெல்லாம் கோர்ட்டோட. இது அம்மாவோட சாவு."

ஆர்கன் வாசித்தவர் கையை எடுத்துவிட்டார். கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. க்ரூகர் முன்னாலிருந்த தடுப்புப் பலகையைப் பிடித்து எழப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி முயன்றார். ஆறு பேரில் இளையவளான ட்ரீனா ஓரத்திலிருந்து ஓடிவந்து அவர் முழங்கையைத் தாங்கினாள்.

"மெதுவா, சார். நான் பிடிச்சுக்கிறேன்."

"விடும்மா! எனக்கு ஒண்ணுமில்ல."

கையை உதறிவிட்டு ஒருவழியாகத் தள்ளி உட்கார்ந்தார். மற்ற நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை பெரிட்டுக்குத் தெரியும். தான் லேசாகத் தடுமாறினாலும் இவர்கள் அப்படிப் பார்த்துக்கொள்வதை அம்மா சாப்பாட்டு மேசையில் நடித்துக் காட்டுவாள். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள் பெரிட்.

இப்போது சிரிப்பு வரவில்லை. தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் தலைகுனிந்தபோது, காலியான நடு இடத்துக்குப் பக்கத்தில் க்ரூகர் யாருக்கும் தெரியாமல் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.